மாரியம்மாவின் பித்தளைக் குண்டான்

ருக்குமணி வாழ வந்த வீட்டில் அடுப்பு இருந்தது, விறகு இருந்தது. சமைக்க ஒரு நல்ல பாத்திரம் இல்லை. பிஸ்கட் டின்னை வெட்டி விளிம்பை மடக்கி எடுத்த ஒரு தகரக் குவளையில்தான் அவள் புருஷன் பழனியப்பன் அதுவரை கஞ்சி காய்ச்சிக் குடித்துக்கொண்டிருந்தான்.

ஆனால் அடுப்புக்கு நேர் மேலே, உத்திரத்தில், கயிறு போட்டு இறுக்கிய ஒரு கோணி மூட்டை தொங்கியது. புகை பட்டுப் பட்டுக் கறுத்துப்போன கோணி. உள்ளே இருப்பது பாத்திரம்தான் என்பது அதன் வயிற்றைப் பார்த்தாலே தெரிந்தது.

வந்த அன்றே அவள் கேட்டாள்.

"மேல என்னங்க தொங்குது? குண்டான் மாதிரி தெரியுதே. இறக்கித் தாங்க, கழுவிட்டு உலை வைக்கிறேன்."

பழனியப்பன் கையிலிருந்த விறகைக் கீழே போட்டான்.

"அதைத் தொடாதே."

"ஏன்?"

"தொடாதேன்னா தொடாதே. வேற சட்டி பானை வாங்கித் தர்றேன். அது அங்கேயே கிடக்கட்டும்."

சொல்லும்போது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மூட்டையையும் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னான். புருஷன் முகம் கொடுத்துப் பேசாத வீட்டில் புதுப்பெண்ணுக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்? அன்றைக்கே அவள் நெஞ்சில் ஒரு முள் தைத்தது.

நான் சொல்ல வந்தது பெரிய மனுஷி கதை அல்ல. மலாய் நாட்டுக் கேமரன் மலையில், தேயிலைத் தோட்டத்துக் கூலிக்காரர் வரிசையான லயத்தில், ஓர் அறையும் ஒரு சமையல் இடமும் கொண்ட வீட்டில் வாழ்ந்த ஒருத்தியின் கதை. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய் அவர் பங்களாவில் ஜப்பான்காரன் வந்து உட்கார்ந்த இரண்டாம் வருஷம் அது. பாதி மலையில் கொழுந்து பறிக்க ஆளில்லாமல் தேயிலை மரமாக வளர்ந்து நின்றது. மீதி மலையில் தேயிலையைப் பிடுங்கிவிட்டுச் சர்க்கரைவள்ளி நட்டிருந்தார்கள். அரிசி என்பது நோயாளிக்குக் கஞ்சி வைக்க ஒளித்து வைக்கும் பொருளாகிவிட்டது.

ருக்குமணி பிறந்தது கீழே, தாப்பா பக்கத்து ரப்பர் தோட்டத்தில். தாயும் தகப்பனும் மலேரியாவில் போனபின் அண்ணன் செல்லையா வீட்டில் வளர்ந்தாள். அண்ணி அரிசிப் பானைமேல் விரலால் கோடு போட்டு வைத்துவிட்டு வேலைக்குப் போவாள். திரும்பி வந்ததும் கோடு கலைந்திருக்கிறதா என்று பார்ப்பாள். எலி கலைத்தாலும் அடி ருக்குமணிக்குத்தான். அப்படி வளர்ந்தவள் உலகத்தில் எதையும் முகர்ந்து பார்க்காமல் வாயில் வைக்க மாட்டாள். யார் சிரித்தாலும் ஏன் சிரிக்கிறார்கள் என்று யோசிப்பாள். அது அவள் குற்றமா? அன்பு காட்டி வளர்க்காத பிள்ளைக்குச் சந்தேகம்தானே துணை.

அந்த ரப்பர் தோட்டத்து லயத்துக்குள் ஒருநாள் ஜப்பான் சிப்பாய்கள் புகுந்தார்கள். கல்யாணமாகாத பெண்களை எல்லாரும் அவசரம் அவசரமாகக் கட்டிக் கொடுத்தார்கள். மலைமேல் பெண்டாட்டி இறந்த ஒருத்தன் இருக்கிறான், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை, குடிப்பழக்கம் இல்லை என்று யாரோ சொன்னார்கள். செல்லையா தங்கையைக் காய்கறி லோரியில் ஏற்றிக்கொண்டு வந்து, தோட்டத்து அம்மன் கோயிலில் மஞ்சள் கயிறு கட்டவைத்துவிட்டு, அதே லோரி திரும்பும்போது ஏறிப் போய்விட்டான். போகும்போது தங்கை அழுதாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

மூட்டையில் இருந்தது என்ன என்பதைத் தண்ணீர்க் குழாயடியில் சொன்னவள் பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு. ஐம்பது வயசு. லயத்தில் யார் வீட்டுப் புகை எந்த நேரத்தில் எழும்பும் என்று அவளுக்குத் தெரியும்.

"அது மாரியம்மாவோட குண்டான், தாயி. மூத்தவளோடது. பித்தளை. ஊர்லேர்ந்து அவ ஆத்தா கப்பல்ல கொண்டு வந்தது. பேர்கூட வெட்டியிருக்கும்."

"அதை ஏன்க்கா கட்டித் தொங்க விட்டிருக்காரு?"

அம்மாக்கண்ணு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"மாரியம்மா எப்படிச் செத்தான்னு உங்க அண்ணன் சொன்னாரா?"

"காய்ச்சல்னு சொன்னாரு."

"காய்ச்சல் வந்தது மெய்தான். லயத்துல பாதிப் பேருக்கு வந்துச்சு, எல்லாம் எழுந்து நடமாடுறோம்லா. அவளும் எழுந்து உட்கார்ந்துட்டா. நான்தான் தலை வாரி விட்டேன். அதுக்கப்புறம் உன் புருஷன் ரசம் வச்சான்."

"ரசமா?"

"ஆமா, ரசம். தன் கையால. ஒரு நாளும் அடுப்புப் பக்கம் போகாத ஆம்பளை எதுக்குத் தாயி திடீர்னு ரசம் வைக்கிறான்? வச்சான், ரெண்டு நாளு சூடு பண்ணிச் சூடு பண்ணி அவளுக்கு மட்டும் ஊத்துனான். பச்சையா வாந்தி எடுத்தா. குடலே வர்ற மாதிரி எடுத்தா. மூணாம் நாளு முடிஞ்சுபோச்சு."

ருக்குமணியின் குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. அவள் கவனிக்கவில்லை.

"மருந்து கொடுக்கிற டிரெசர் வந்து பார்க்கலையா?"

"வந்தாரு. கதவைச் சாத்திக்கிட்டு இவன்கிட்ட என்னமோ பேசிட்டுப் போனாரு. மறு வாரமே டிரெசரைச் சயாமுக்குக் கொண்டு போயிட்டான் ஜப்பான்காரன். அப்புறம் யாரைக் கேக்குறது? நான் எதுவும் சொல்லலம்மா. எனக்கெதுக்கு வம்பு. உன் வாயை நீ பார்த்துக்க. அவன் ஏதும் சமைச்சுக் கொடுத்தா மட்டும்…" என்று நிறுத்திவிட்டு, வாய்க்குக் குறுக்கே விரலை வைத்துக் காட்டிப் போனாள்.

அன்று முதல் ருக்குமணி இந்த உயிர் ஒன்றைக் காப்பாற்றிக்கொள்வதைத் தவிர வேறு நினைப்பு இல்லாதவளானாள். ஓடிப்போக இடமில்லை. அண்ணி வாசலில் அவளுக்கு இனி பாய் விரிக்க மாட்டாள். கங்காணியிடம் சொல்லலாம் என்றால் கங்காணி கந்தசாமி அதற்காகவே காத்திருப்பவர்; புருஷனைப் பிடித்து அனுப்பிவிடுவார், அப்புறம் அந்த மலையில் அவள் தனிப் பெண். சயாமில் ஜப்பான்காரன் போடும் ரயில் பாதைக்கு ஆள் கொடு, ஆள் கொடு என்று அவரை விரட்டிக்கொண்டிருந்தார்கள். தனி ஆளைத்தான் முதலில் பிடித்து அனுப்பினார்கள். பெண்டாட்டி செத்த பழனியப்பன் பெயர் வாயில் வரும் நேரத்தில்தான் அவன் மறுகல்யாணம் பண்ணிக்கொண்டான். அதில் கங்காணிக்கு ஆத்திரம்.

அப்படியானால் சயாமுக்குப் போகாமல் இருக்கத்தான் தன்னைக் கட்டினானா? சண்டை முடிந்ததும் தான் எதற்கு அவனுக்கு? இந்தக் கேள்வி தோன்றியதும் அவளுக்கு மலைக்குளிர் எலும்புவரை இறங்கியது.

சொன்னபடியே அவன் பாத்திரம் வாங்க அழைத்துப் போனான். கம்போங் ராஜா என்ற பக்கத்துச் சிற்றூரில் ஹாஜா மைதீன் கடை. இராமநாதபுரம் பக்கத்துக்காரர். போருக்கு முன்னால் மளிகையும் துணியும் நிறைந்திருந்த கடை. இப்போது கருவாடும் உப்பும் புளியும், யார் யாரோ பஞ்சத்துக்கு விற்றுவிட்டுப் போன தட்டுமுட்டுச் சாமான்களும்தான் இருந்தன. கல்யாணப் புடவை ஒன்றையும், பழனியப்பன் சேர்த்து வைத்திருந்த தேயிலைத் தூள் ஒரு பையையும் கொடுத்து மாற்றிக்கொள்வதாகப் பேச்சு.

ருக்குமணி வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் வீட்டுக்கென்று பாத்திரம் பார்க்கிறாள். பயத்தை ஒரு நிமிஷம் மறந்துவிட்டாள். அலுமினியப் பானை ஒன்றை எடுத்து விரல் மடக்கித் தட்டினாள். நீலப்பூ போட்ட எனாமல் சட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். துரை வீட்டுச் சட்டியாக இருக்கும். அடுக்களையில் அந்த நீலப்பூ இருந்தால் எவ்வளவு அழகு என்று நினைத்தாள்.

பழனியப்பன் அதை அவள் கையிலிருந்து வாங்கினான். கடையில் இருந்த புளியில் ஒரு துணுக்கைக் கிள்ளி, எச்சில் தொட்டுக் கரைத்து, சட்டியின் உட்பக்கம் கட்டை விரலால் அழுத்தித் தேய்த்தான். கொஞ்ச நேரம் அப்படியே ஊறவிட்டான். பிறகு தேய்த்த இடத்தை முகர்ந்தான். நாக்கால் நக்கினான். அடியில் ஒரு பொட்டு எனாமல் பெயர்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் சட்டியை ஒதுக்கி வைத்துவிட்டான். அலுமினியப் பானைக்கும் அதே சோதனை. குவாலி என்று மலாய்க்காரர் சொல்லும் இரும்புச் சட்டிக்கும் அதே சோதனை.

ஹாஜா மைதீன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சிரித்தார்.

"என்ன தம்பி, பொண்ணு பார்க்கக்கூட இவ்வளவு நேரம் எடுத்துருக்க மாட்டீங்களே. தங்கச்சியை எங்கே நக்கிப் பார்த்துக் கட்டுனீங்க?"

"பார்த்து வாங்கணும்ல பாய்."

"பார்க்குறதுன்னா ஓட்டையா இல்லையான்னு பார்ப்பாங்க. நீங்க என்னமோ மந்திரம் போடுற மாதிரிலா பார்க்குறீங்க. புளி வேற தீருது. அதுக்கும் சேர்த்துத் தேயிலைத் தூள் கொடுக்கணும், ஆமா."

பழனியப்பன் சிரிக்கவில்லை. கடைசியில் இரண்டு மண் சட்டிகளைப் பொறுக்கினான். பெலாங்கா என்று அங்கே சொல்லும் சாதாரணச் சமையல் சட்டி. அதோடு ஒரு மரக்கரண்டி.

"எனக்கு அந்த நீலச்சட்டிதான் பிடிச்சிருக்கு" என்றாள் ருக்குமணி, மெல்ல.

"அது வேணாம்."

"ஏன் வேணாம்? காரணம் சொல்லுங்களேன்."

"மண்ணுதான் நல்லது" என்றான். சட்டிகளைக் கடைக்காரர் பக்கம் நகர்த்தினான்.

ஹாஜா மைதீன் சட்டிகளுக்கு வைக்கோல் சுற்றிக் கொடுக்கும்போது ருக்குமணியை ஒரு மாதிரி பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்ததாக அவளுக்குப் பட்டது. வரும் வழியெல்லாம் மூடுபனி. முன்னால் நடந்தவனின் முதுகு தெரிவதும் மறைவதுமாக இருந்தது. எந்தப் பாத்திரத்தில் எது ஒட்டும், எது தெரியாமல் கலக்கும் என்று இவன் சோதித்துப் பார்க்கிறான். மூத்தவளுக்கு வைத்தபோது கற்றுக்கொண்டது என்று அவள் முடிவு கட்டினாள். காலடியில் சறுக்கிய ஒவ்வொரு கல்லும் அவளைப் பள்ளத்துக்குத் தள்ளவே கிடப்பதுபோல் இருந்தது.

வீட்டில் அவள் சமைத்ததைத்தான் இருவரும் சாப்பிட்டார்கள். அவன் அடுப்புப் பக்கம் வந்தால் அவள் எழுந்து நின்றுகொள்வாள். ஒருநாள் அவளுக்குத் தலைவலி. "நீ படு, நான் கஞ்சி வைக்கிறேன்" என்றான். அவ்வளவுதான், தலைவலி போன இடம் தெரியவில்லை. துள்ளி எழுந்து அவளே வைத்தாள். அவன் கொஞ்ச நேரம் அவளையே பார்த்துவிட்டு வெளியே போய் நின்றான். தெரிந்துகொண்டான், நான் தெரிந்துகொண்டதை இவன் தெரிந்துகொண்டான் என்று அவள் நடுங்கினாள்.

அம்மாக்கண்ணு சும்மா இருக்கவில்லை. "அந்த மூட்டைக்குள்ள வெறும் குண்டான்தான் இருக்கும்னு நினைக்கிறியா? மருந்து பாட்டில் அதுக்குள்ளதான் இருக்கும். இல்லேன்னா எதுக்குத் தாயி தொடாதேங்குறான்? பித்தளைக்கு இன்னைக்கு என்ன கிராக்கி தெரியுமா? விக்கவும் மாட்டேங்குறான், கொடுக்கவும் மாட்டேங்குறான்."

அவன் வேலைக்குப் போயிருந்த ஒரு காலை நேரம் ருக்குமணி விறகுக் கட்டின்மேல் ஏறி மூட்டையை அவிழ்த்தாள். கோணிக்குள் பாட்டில் இல்லை. பொட்டலம் இல்லை. கறுத்துக் கிடந்த ஒரு பித்தளைக் குண்டான் மட்டும் இருந்தது. விளிம்பில் மாரியம்மா என்று பெயர் வெட்டியிருந்தது.

ஏமாற்றமும் கோபமும் அவளுக்கு ஒன்றாக வந்தன. வெறும் குண்டானுக்கா இவ்வளவு மிரட்டல்? செத்தவள் பாத்திரத்தை இவள் தொடக்கூடாது என்பதுதானா? அல்லது அந்தப் பெயரைப் பார்த்தால் அவன் செய்தது நினைவுக்கு வருமா? எப்படியிருந்தாலும் இன்றைக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தாள். இந்தக் குண்டானில் குழம்பு வைத்து, அவன் முன்னால் கொண்டுபோய் வைத்து, அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். குற்றவாளியின் முகம் பொய் சொல்லாது.

சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்தாள். பாதிக் காலைப்பொழுது தேய்த்தாள். வெளியே தங்கம்போல் வந்தது. உள்ளேயும் தங்கம்போல் வந்தது. ரப்பர் தோட்டத்தில் மண் சட்டியும் தகர டின்னும் தவிர வேறு புழங்காதவள் அவள். அந்த உட்புறப் பளபளப்பைப் பார்த்து, என்ன சுத்தம் என்று அவளுக்குப் பெருமை வந்தது. ஐயோ, அந்தப் பெருமைக்கு அவள் கொடுக்கவிருந்த விலையை நினைத்தால் எனக்கே எழுதக் கை வரவில்லை.

கருவாடும் சர்க்கரைவள்ளித் தண்டும் போட்டு, புளி தாராளமாகக் கரைத்து ஊற்றிக் குழம்பு வைத்தாள். பசி. மத்தியானம் அவித்த கிழங்கில் ஊற்றி அவளே முதலில் சாப்பிட்டாள். கொஞ்சம் காரல் தட்டியது. உப்பு மட்டமான உப்பு, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டாள். மீதியைக் குண்டானிலேயே மூடி வைத்தாள்.

நாலு மணிக்குச் சங்கு ஊதியது. பழனியப்பன் வந்து கை கால் கழுவி உட்கார்ந்தான். அவள் தட்டை வைத்துவிட்டு எதிரே நின்று அவன் முகத்தையே பார்த்தாள். வயிற்றில் அப்போதே ஏதோ புரட்டிக்கொண்டிருந்தது. பயத்தினால் என்று நினைத்தாள்.

அவன் ஒரு வாய் வைத்தான். மென்ற வாய் அப்படியே நின்றது. முகத்தில் இருந்த ரத்தம் முழுவதும் இறங்கிப் போனது. வாயிலிருந்ததைக் கையில் துப்பினான்.

"எதுல வச்சே?"

அவள் கண் அடுப்படிப் பக்கம் போனது.

"எதுல வச்சேன்னு கேக்குறேன்."

எழுந்து போய் அடுப்படியைப் பார்த்தான். காலால் ஓர் உதை. குண்டான் உருண்டு குழம்பெல்லாம் சாம்பலில் ஓடியது.

"நீ சாப்பிட்டியா?"

"மத்தியானமே சாப்பிட்டேன்" என்றாள் ருக்குமணி. சொல்லி முடிப்பதற்குள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

அவன் அவளைத் தாங்கிப் பிடிக்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு ஓடினான். மலைச் சரிவில், கோலா தெர்லா போகும் ரோட்டுப் பக்கம், தலைதெறிக்க ஓடினான்.

வாசலில் விழுந்து அவள் வாந்தி எடுத்தாள். பச்சையாக எடுத்தாள். சத்தம் கேட்டு அம்மாக்கண்ணு வந்தாள். பின்னாலேயே லயமே வந்தது.

"நான் சொன்னேனே. சொன்னேனே நான். இவளையும் முடிச்சிட்டான். அந்தா ஓடுறான் பாருங்க. தப்பு செய்யாதவன் எதுக்குய்யா ஓடணும்?"

யாரோ கங்காணிக்குச் சொல்ல, அவர் தொப்பியும் கம்புமாக வந்து சேர்ந்தார். ருக்குமணியின் தலை அம்மாக்கண்ணுவின் மடியில் இருந்தது. கங்காணி குனிந்தார்.

"பாரு புள்ள. பயப்படாதே. அவன் உனக்கு விஷம் வச்சானா? ஒரு வார்த்தை சொல்லு, போதும். மத்ததை நான் பார்த்துக்கிறேன். இன்னைக்கே பங்களாவுக்குக் கொண்டு போறேன். அங்கேர்ந்து நேரே சயாம் ரயில்தான்."

அவள் வாய் திறந்தாள். மறுபடி வாந்திதான் வந்தது.

அப்போது கூட்டம் விலகியது. பழனியப்பன் மேலே ஏறி வந்துகொண்டிருந்தான். மூச்சு இரைத்தது. அந்தக் குளிரில் அவன் மேலே சட்டை இல்லை. வேட்டி மடிப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தான்.

"சட்டை எங்கேடா?" என்றார் கங்காணி.

"கீழே சீனன் தோட்டத்துல கொடுத்துட்டேன். முட்டைக்கு."

மடியை அவிழ்த்தான். கோழி முட்டைகள். அந்தக் காலத்தில் ஒரு சட்டைக்கு ஒரு கோழியே கிடைக்கும். பேரம் பேச அவன் நிற்கவில்லை. யாரையும் பார்க்காமல் வீட்டுக்குள் போய், மண் சட்டியில் முட்டைகளை உடைத்து, வெள்ளையை மட்டும் பிரித்துத் தகரக் குவளையில் அடித்துக்கொண்டு வந்தான். அவள் முன்னால் மண்டியிட்டு நீட்டினான்.

"குடி."

அம்மாக்கண்ணு ருக்குமணியின் வாயைத் தன் முந்தானையால் மூடினாள்.

"குடிக்காதே தாயி. மிச்சத்தையும் கொண்டாந்துட்டான். மூத்தவளுக்கும் இப்படித்தான் வாயில ஊத்துனான்."

"அவளுக்கு இதை ஊத்தலை" என்றான் பழனியப்பன். "ஊத்தியிருந்தா பொழைச்சிருப்பா. டிரெசர் வந்து குண்டானைப் பார்த்துட்டுத்தான் சொன்னாரு. உள்ள பூசுன ஈயம் போயிடுச்சு. ஈயம் போன பித்தளையில புளி வச்சா களிம்பு இறங்கி விஷமாயிடும். முட்டை வெள்ளையோ பாலோ உடனே கொடுத்திருந்தா தப்பிச்சிருப்பான்னாரு. ஈயம் பூசுறவன் சண்டை வந்ததுலேர்ந்து மலைக்கு வரலை. அவ உடம்புக்கு முடியாம இருந்தப்போ அந்தக் குண்டான்லதான் நான் ரசம் வச்சேன். எனக்குத் தெரியாது."

"நல்லாக் கதை கட்டுறான்" என்றார் கங்காணி. "டிரெசரும் இல்லை, கேக்குறதுக்கு. அப்பவே ஏன்டா சொல்லலை?"

"நான் ரசம் வச்சு அவ செத்தான்னு சொன்னா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?"

கங்காணி கம்பை மாற்றிப் பிடித்தார்.

குவளை அவள் முகத்துக்கு நேரே இருந்தது. ஒரு பக்கம் முந்தானை, ஒரு பக்கம் அந்தக் குவளை. உயிர் நடுவில். வலியில் கண் இருட்டிக்கொண்டு வந்த அந்த நிமிஷத்தில் ருக்குமணியின் சந்தேக புத்திதான் வேலை செய்தது. அண்ணி வீட்டில் வளர்ந்த புத்தி. அது ஒவ்வொன்றாகக் கேட்டது. குண்டானை இறக்கியது யார்? நான். தேய்த்தது யார்? நான். புளி கரைத்தது யார்? நான். அவன் விடிந்ததிலிருந்து தொழிற்சாலையில் நின்றான், என் அடுப்பைப் பார்க்கக்கூட இல்லை. அப்படியானால் விஷம் எந்தக் கையிலிருந்து வந்தது? என்னைக் கொல்ல நினைத்தவனுக்கு அந்தக் குண்டானைவிட நல்ல ஆயுதம் உண்டா? வந்த அன்றே நானே கேட்டேனே, இறக்கித் தாருங்கள் என்று. இறக்கிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்திருந்தால் போதுமே. தொடாதே என்றல்லவா சொன்னான்.

முந்தானையை விலக்கினாள். குவளையை அவன் கையோடு சேர்த்துப் பிடித்துக் குடித்தாள். பாதி வெளியே வந்தது. மறுபடி அடித்துக் கொடுத்தான். மறுபடி குடித்தாள்.

கங்காணி விடவில்லை. "சொல்லு புள்ள. விஷம் வச்சானா இல்லையா?"

"நான்தான் சமைச்சேன்" என்றாள் அவள். குரல் கம்மியிருந்தது. ஆனால் லயம் முழுவதும் கேட்டது. "எனக்கு யாரும் ஒண்ணும் வைக்கலை."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. நாளைக்கு நீ செத்துப்போயிட்டு எங்கிட்ட வந்து நிக்கக்கூடாது."

"செத்தா எப்படிய்யா வந்து நிக்கிறது?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். கங்காணி கம்பைத் தரையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பங்களாப் பக்கம் நடந்தார். பங்களாவுக்குக் கொண்டுபோக ஆள் கிடைக்காத கோபம் அவர் நடையில் தெரிந்தது.

கூட்டம் கலைந்தது. அம்மாக்கண்ணு மட்டும் தன் வாசலில் நின்றுகொண்டு, கையில் இருந்த ஒரு செம்பு வெந்நீரைக் கொடுத்துவிட்டு, "எதுக்கும் ஜாக்கிரதையா இரு" என்று முணுமுணுத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பொழுது சாயும் நேரத்தில் வாந்தி நின்றது. ருக்குமணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பழனியப்பன் கோணிச் சாக்கைப் போர்த்திக்கொண்டு அடுப்பருகே குந்தியிருந்தான். குளிரில் தாடை அடித்துக்கொண்டது. அவள் தன் போர்வையைத் தள்ளி விட்டாள். அவன் எடுத்துக்கொள்ளவில்லை.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல. கடையில நக்கிப் பார்த்தீங்களே, அப்பவாவது சொல்லியிருக்கலாம்."

"எப்படிச் சொல்றது? முதல் பெண்டாட்டியை நான்தான் கொன்னேன், நீ பார்த்து இருந்துக்கன்னு சொல்லச் சொல்றியா?" அவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். "ரசம் நல்லா இருக்குன்னா மாரியம்மா. இன்னும் கொஞ்சம் ஊத்துன்னு அவளே கேட்டா. நான் ஊத்துனேன்."

பிறகு அவன் அழுதான். ஓர் ஆண் அப்படி அழுது அவள் பார்த்ததில்லை. சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்க அழுதான். அவள் நகர்ந்து போய்ப் போர்வையை அவன்மேல் போட்டாள். போட்டுவிட்டு, கையை எடுக்காமலே கேட்டாள்.

"ஒண்ணு கேக்கவா? சயாமுக்குப் போகாம இருக்கத்தான் என்னைக் கட்டிக்கிட்டீங்களா?"

அவன் நிமிர்ந்தான். பொய் சொல்ல அவனுக்கு நேரம் இருந்தது. ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நிலைமையில் எந்தப் பெண்ணும் நம்பியிருப்பாள்.

"ஆமா" என்றான்.

அண்ணி வீட்டில் எவ்வளவோ இனிப்பான வார்த்தைகளை முகர்ந்து பார்த்து ஒதுக்கியவள் ருக்குமணி. இந்த ஒரு வார்த்தையில் எந்த வாடையும் இல்லை.

"நல்லவேளை. இல்லேன்னு சொல்லியிருந்தீங்கன்னா உங்களை ஒரு நாளும் நம்பியிருக்க மாட்டேன்."

"நீ எதுக்கு என்னைக் கட்டிக்கிட்டே?"

"ஜப்பான்காரனுக்குப் பயந்துதான். வேற எதுக்கு? உங்க அழகுக்கா?"

அவன் அழுகைக்கு நடுவிலேயே சிரித்துவிட்டான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. வயிறு வலிக்க, வலிக்க, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் காதை வைத்திருந்த அம்மாக்கண்ணு, சாவு வாசல்வரை போய்வந்த வீட்டில் இப்போது எதற்கு இரண்டு பேரும் சிரிக்கிறார்கள் என்று வெகுநேரம் யோசித்துக்கொண்டு நின்றாள்.